முன்சீட்டுச் சித்தப்பா

முன்சீட்டுச் சித்தப்பா வண்டி ஓட்டுவதில்லை. டிரைவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, மடியில் ஒரு டைரியை விரித்துக்கொண்டு, குடும்பத்தின் கோடைப் பயணத்தை நடத்திவைப்பது அவர் பணி. உறவுமுறையில் அவர் சித்தப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாமாவாகவும் பெரியப்பாவாகவும் அக்கா வீட்டுக்காரராகவும் இவ்வகை காணப்படுகிறது. சித்தப்பாக்களிடையே சற்று மிகுதி. வயது ஐம்பத்தைந்துக்கு மேல், அறுபத்திரண்டுக்குள். தலையில் தொப்பி, கழுத்தில் ஈரத்துண்டு, சட்டைப்பையில் இரண்டு பேனா. டைரி நடப்பாண்டுக்குரியதாக இருக்காது. இவ்வகையினர் அனைவரும் பயன்படுத்துவது நீல அட்டை போட்ட, மூலையில் காபிக் கறை படிந்த, 2016-ஆம் ஆண்டு டைரி ஒன்றையே.

2021 பிப்ரவரிக்கு முன் முன்சீட்டுக்காரருக்கு ஒழுங்கான ஒரு வேலை இருந்தது. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று ஒவ்வொரு சுங்கச்சாவடிக்கும் சில்லறையை முன்கூட்டியே எண்ணி வைப்பார். ரசீதை வாங்கி வெயில் தடுப்புப் பலகையில் செருகுவார். கொடுத்த மீதியைச் சத்தமாக எண்ணுவார். அந்த மாதத்தில் ஃபாஸ்டேக் கட்டாயமானதும் வேலை போயிற்று. சும்மா இருக்கத் தெரியாத கை டைரியை எடுத்தது. இவ்வகையின் இன்றைய வளர்ச்சிக்கு இதுவே காரணம்.

திட்டம் ஏப்ரலில் உருவாகிறது. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஏறக்குறைய 700 கி.மீ. திண்டிவனம், விழுப்புரம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி என்று பைபாஸ் பிடித்து, ஊர்களுக்குள் நுழையாமல் போனால், சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்துப் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம். விடியற்காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்ச் சேரலாம். இது டிரைவருக்குத் தெரியும், சித்தப்பாவுக்கும் தெரியும். ஆனால் இப்படிப் போவதைப் பயணம் என்று அவர் ஒப்புக்கொள்வதில்லை. “போறதுக்கா போறோம்? பாக்கறதுக்குத்தானே போறோம்!” என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையிலிருந்து பதினான்கு நிறுத்தங்கள் பிறக்கின்றன. நிறுத்தத்துக்குப் பதினைந்து நிமிடம். ஆக மூன்றரை மணி நேரம். பெருக்கலில் பிழை இல்லை.

பிழை இருப்பது, அந்தப் பதினான்கும் வழியில் இருக்கின்றன என்ற நம்பிக்கையில். “வழியிலதான்” என்பதே இவ்வகையின் முதன்மை அடையாளம். தொப்பி இல்லாமல் ஒரு முன்சீட்டுச் சித்தப்பாவைப் பார்க்க முடியும். இந்தச் சொல் இல்லாமல் பார்க்க முடியாது.

வேடந்தாங்கல் வழியிலதான். படாளம் கூட்டுரோட்டில் திரும்பிப் பன்னிரண்டு கி.மீ. அளவில் உள்ளே போனால் போதும். செஞ்சி வழியிலதான். திண்டிவனத்தில் மேற்கே திரும்பினால் 28 கி.மீ. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் சேர்த்துச் செஞ்சியையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும், அது டைரியில் எட்டாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஏறியது. செஞ்சி என்பது மூன்று மலைகளை வளைத்த கோட்டை; ராஜகிரி மட்டும் ஏறக்குறைய 800 அடி. ஏறி இறங்க அரை நாள் வேண்டும். டைரியில் அதற்கும் பதினைந்து நிமிடமே. யுனெஸ்கோவுக்காகக்கூட அந்த விதி தளர்த்தப்படவில்லை.

சித்தன்னவாசலும் வழியிலதான். திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் சாலை விராலிமலையைத் தொட்டுப் போகிறது. சித்தன்னவாசல் இருப்பது புதுக்கோட்டைப் பக்கம். ஆனால் விராலிமலையில் திரும்பி இலுப்பூர், அன்னவாசல் வழியே ஒரு சாலை இருப்பதைச் சித்தப்பா கண்டுபிடித்திருக்கிறார். குகைக்குள் பாண்டியர் காலத்துச் சமண ஓவியம், விதானம் முழுவதும் தாமரைக்குளம். “இவ்ளோ தூரம் வந்துட்டு அதைப் பாக்காமப் போனா மனுஷனா?” என்று அவர் கேட்பார். கழுகுமலை, கோவில்பட்டியிலிருந்து மேற்கே இருபது கி.மீ., வழியிலதான். குற்றாலம், திருநெல்வேலியிலிருந்து தென்காசி போய் ஏறக்குறைய அறுபது கி.மீ., அதுவும் வழியிலதான். வேடந்தாங்கல், செஞ்சி, கழுகுமலை, குற்றாலம் ஆகிய நான்குக்கும் போய்வரும் தூரத்தை மட்டும் கூட்டினால் 230 கி.மீ.யைத் தாண்டும். இது டைரியில் எங்கும் ஏறாது. நெடுஞ்சாலையில் ஓடினால்தான் தூரம், அதை விட்டுத் திரும்பி ஓடுவது “உள்ளே.” உள்ளே போகும் தூரத்துக்கு டீசல் செலவாகும் என்பதை டிரைவர் ஒருவரே அறிவார்.

“சார், அது உள்ள போகணும் சார்.”

“வழியிலதான் தம்பி. எட்டிப் பாத்துட்டு வந்துடலாம்.”

ஓரிடம் வழியில் இருக்கிறதா என்பதைத் தீர்மானிக்க அவரிடம் திட்டவட்டமான சோதனைகள் உண்டு. சாலையோரப் பச்சைப் பலகையில் அதன் பெயர் இருந்தால் வழியில் இருக்கிறது. சுற்றுலாத் தலங்களுக்கான பழுப்புப் பலகையில் இருந்தால் கண்டிப்பாக இருக்கிறது. அம்புக்குறி நேரே காட்டுகிறதா, மேற்கே காட்டுகிறதா என்பது பொருட்டல்ல. பலகையே இல்லாவிட்டால், அவருடன் வேலை பார்த்த ஒருவர் அங்கே போயிருந்தால் போதும். மதுரை நெருங்கும்போது ராமேஸ்வரமும் ஒருமுறை வழியில் வந்துபோகும். மதுரையிலிருந்து அது ஏறக்குறைய 170 கி.மீ. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு இந்த முன்மொழிவு முன்னிலும் வலுவாக வைக்கப்படுகிறது. வண்டியில் யாரும் பதில் சொல்வதில்லை. பதில் சொல்லாதிருப்பது சம்மதம் ஆகிவிடக்கூடாதே என்று டிரைவர் மட்டும் வேகத்தைக் கூட்டுவார்.

தமிழ்நாட்டில் வழியில் இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான். அது சித்தியின் அக்கா வீடு. விழுப்புரம் பைபாஸிலிருந்து பார்த்தால் அந்த வீட்டு மொட்டைமாடியில் காயும் துணி தெரியும்.

“ஏங்க, அக்கா வீட்டுல ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போயிடலாமே.”

“அது ரொம்பச் சுத்து. நேரமில்ல.”

சித்தி மறுபேச்சுப் பேசுவதில்லை. சித்தியின் அக்கா, கையில் டிபன் கேரியரோடு பைபாஸ் ஓரத்தில் வந்து நிற்கப் பழகிவிட்டார்.

நேரக்கணக்கு முழுவதும் கூகுள் மேப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. எடுக்கப்படுவது இரவு இரண்டு மணிக்கு. அந்த வேளையில் தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும் கூடுவாஞ்சேரியிலும் ஒரு வண்டி இருக்காது. அதே சாலையில் விடுமுறைக்கு ஊர் திரும்பும் பாதிச் சென்னை நிற்கும்போது, மேப் பொய் சொல்கிறது என்பார். திட்டப்படி கிளம்பும் நேரம் விடியற்காலை நான்கு. உண்மையில் கிளம்புவது ஆறே முக்கால். இந்த இரண்டே முக்கால் மணி நேரம் எந்த நிறுத்தத்திலிருந்தும் கழிக்கப்படாது, சாப்பாட்டிலிருந்து கழிக்கப்படும். காலை இட்லி வண்டியிலேயே, மிளகாய்ப்பொடி மடியில் சிந்த. மதியப் புளியோதரையும் வண்டியிலேயே. கும்பகோணத்துப் பக்கமே போகாத அந்தச் சாலையில் அரை கி.மீ.க்கு ஒன்றாகக் கும்பகோணம் டிகிரி காபிக் கடைகள் பித்தளை டபராவோடு காத்திருக்கும். அவை காட்சி என்ற வகைக்குள் வராததால் கடந்து செல்லப்படும்.

காட்சிகளின் நிலை வேறு. பள்ளி விடுமுறை ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முழுவதும். கத்திரி வெயில் மே 4 முதல் 28 வரை. தமிழ்நாட்டின் தண்ணீர்க் காட்சிகள் இந்த அட்டவணையைப் பார்த்து வருவதில்லை. வேடந்தாங்கலுக்குப் பறவைகள் திரளும் காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. மே மாதத்தில் அங்கே காவற்கோபுரம் இருக்கும், தொலைநோக்கி இருக்கும், வெடித்த ஏரித்தரை இருக்கும். மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. எனவே திருச்சியில் “காவிரி வ்யூ” என்று டைரியில் குறிக்கப்பட்ட நிறுத்தத்தில் தெரிவது மணல். குற்றாலத்தில் சீசன் என்பது தென்மேற்குப் பருவமழையோடு ஜூனில் தொடங்குவது. மே மாதத்தில் பேரருவி பெரும்பாலும் ஒரு பெரிய பாறை. அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டித் திறந்துவிட்ட தண்ணீர் வடிந்துவிட்டால், வைகையும் அப்படியே. கன்னியாகுமரியில் கடலுக்குள் சூரியன் மறைவதைப் பார்க்க அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடுவரைதான் ஏற்ற காலம். மே மாதத்தில் சூரியன் வடமேற்கே ஒதுங்கி, நிலத்தின் பக்கம் இறங்கிவிடும். ஆக, திட்டத்தின் கடைசி வரியான “மாலை 6.20, சன்செட்” என்பது குடும்பம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் நிறைவேறாது. போய்ச் சேர்வது இரவு பதினொன்றரைக்கு என்பதால் இந்தக் குறை இதுவரை வெளிப்படவில்லை.

மே மாதத்தில் தமிழ்நாட்டில் குறையாமல் இருப்பது பாறை ஒன்றுதான். செஞ்சிக் குன்றுகள், திருச்சி உச்சிப்பிள்ளையார் மலை, மதுரைக்கு முன் ஒத்தக்கடைப் பக்கம் படுத்திருக்கும் யானைமலை, கழுகுமலை எல்லாமே கோடையிலும் முழு உருவத்தோடு இருக்கின்றன. இவற்றில் யானைமலை சிறப்பானது. மேலூர் தாண்டியதும் கண்ணில் பட்டு, வண்டி நகர நகர உருமாறிக்கொண்டே வரும். நிறுத்தவே வேண்டாம், கண்ணாடியை இறக்கினால் போதும். ஆனால் வண்டியை நிறுத்தாமல் பார்க்கக்கூடிய காட்சி சித்தப்பாவின் பட்டியலில் சேராது. யானைமலை கடந்து போகும் நேரத்தில் அவர் அடுத்த நிறுத்தத்துக்கான நிமிடங்களைக் கூட்டிக்கொண்டிருப்பார். மாறாக, முப்பந்தலில் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் சாலையின் இருபுறமும் தாமாகவே தெரியும் இடத்தில், வண்டியை ஓரங்கட்டி எல்லோரையும் இறக்குவார். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எதற்குப் பேர்போனது என்பது அப்போது விளங்கும். ஒரு தொப்பி, இரண்டு துப்பட்டா, புளியோதரை இலைகள் ஆகியவை அங்கே இழக்கப்படுகின்றன.

குழுப்படம், பின்னோக்கி எடுக்கும் டிரைவருக்கு இறங்கி நின்று கை காட்டுவது, கல்வெட்டைப் பார்த்தால் வாய்விட்டுப் படிக்க முயல்வது போன்ற துணைப் பழக்கங்களும் இவ்வகைக்கு உண்டு. அவை தீங்கற்றவை.

தீங்கு வேறோரிடத்தில் இருக்கிறது. பதினான்கு நிறுத்தங்களில் ஒன்றுகூடக் கழிப்பறைக்கானது இல்லை. தனக்கு வேண்டும்போது சித்தப்பா வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, ஒரு சீமைக்கருவேலப் புதரைப் பார்த்து நடந்துவிடுவார். அந்த நிறுத்தம் டைரியில் எழுதப்படுவதில்லை. பின்சீட்டுப் பெண்களுக்குப் புதர் இல்லை. எனவே அவர்கள் முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில், கையில் பாட்டில் இருந்தும், உதட்டை நனைத்துவிட்டு மூடிவைக்கிறார்கள். சர்க்கரை உள்ள பாட்டி வெட்கப்பட்டு மருமகள் காதில் சொல்வார். மருமகள் கணவனிடம் சொல்வார். கணவன் முன்சீட்டுக்குச் சொல்வார். “இன்னும் இருவது கிலோமீட்டர்ல ஸ்பாட் வந்துடும், அங்க பாத்துக்கலாம்” என்று பதில் வரும். ஸ்பாட்டில் கழிப்பறை இருக்கும், பூட்டியிருக்கும், சாவிக்காரர் சாப்பிடப் போயிருப்பார். சுங்கச்சாவடிக் கழிப்பறையில் தண்ணீர் இருந்தால் தாழ்ப்பாள் இருக்காது. ஊர் திரும்பிய மறுவாரம் நீர்க்கடுப்பு என்று டாக்டரிடம் போய் உட்காருகிறவர்கள் இந்தப் பெண்கள்தான். விராலிமலைக்கும் அன்னவாசலுக்கும் நடுவே ஒரு குறுக்குச் சாலையைக் கண்டுபிடித்தவருக்கு, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான கழிப்பறை உள்ள ஓர் ஓட்டலையோ பெட்ரோல் பங்கையோ குறித்துவைப்பது பெரிய வேலை அல்ல. யாரையும் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

சித்தியிடமும் ஒரு பட்டியல் உண்டு, அது எழுதப்பட்டதல்ல. சாத்தூரில் காராச்சேவு. கோவில்பட்டியில், 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாய், அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்து. திருநெல்வேலியில் அல்வா. இம்மூன்றும் உண்மையிலேயே வழியில் இருக்கின்றன. பெரும்பாலும் நிறைவேறுபவையும் இம்மூன்றே. ஏனெனில் இவற்றுக்காகச் சித்தி டிரைவரிடம் நேரடியாகப் பேசுகிறார்.

பதினான்கில் வழக்கமாக எட்டப்படுவது ஐந்து. அந்த ஐந்திலும் சித்தப்பா எதையும் பார்ப்பதில்லை என்பது கூர்ந்து கவனிப்பவர்களுக்குத் தெரியவரும். கழுகுமலையில், மலைச்சரிவை மேலிருந்து கீழாகக் குடைந்து, எட்டாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுச் சிற்பிகள் முடிக்காமல் விட்டுப்போன வெட்டுவான் கோயிலைப் பற்றி வண்டியில் அரைமணி நேரம் சொல்லிக்கொண்டு வருவார். விமானத்தில் தட்சிணாமூர்த்தி மத்தளம் வாசிப்பதைத் தவறாமல் பார்க்க வேண்டும் என்பார். அடிவாரம் வந்ததும், “மூட்டு ஒத்துழைக்காது, நீங்க போயிட்டு வாங்க” என்று எல்லோருடைய பைகளையும் செருப்புகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இறங்கி வருகிறவர்களிடம் “பாத்தீங்களா? எப்படி இருந்துது?” என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்பார். பந்தியில் பரிமாறுகிறவர் இலைக்கு இலை குனிந்து “இன்னும் கொஞ்சம்?” என்று கேட்பதுபோல்தான் அது, சாப்பிடுகிறவருக்கு வயிறு நிறைந்துவிட்டதா என்பது அந்த வேகத்தில் அவருக்குத் தெரிவதில்லை.

டைரியைப் புரட்டினால் இதற்குச் சான்று கிடைக்கும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எதிரே ஒரு பெயர் இருக்கிறது. செஞ்சிக்கு எதிரே, வரலாறு படிக்கும் பையன். குற்றாலத்துக்கு எதிரே, கல்யாணமான புதிதில் அங்கே குளித்ததைச் சொல்லிக்கொண்டே இருக்கும் பாட்டி. விராலிமலைக்கு எதிரே, மயில் பார்க்க வேண்டும் என்று ஒருகாலத்தில் அழுத குழந்தை. அந்தக் குழந்தை இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மயிலைப் பற்றி அதற்கு நினைவே இல்லை. விராலிமலை இன்னும் பட்டியலில் இருக்கிறது. சித்தப்பாவின் பெயர் எந்த நிறுத்தத்துக்கு எதிரேயும் இல்லை. சித்தியின் பெயரும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கன்னியாகுமரியில் அதிகாலை எழுப்பப்படும் குடும்பம், கூட்டத்தின் தலைகளுக்கு நடுவே சூரிய உதயத்தைப் பார்க்கிறது. பிறகு 2000-ஆம் ஆண்டு முதல் நாளில் திறந்த 133 அடி வள்ளுவர் சிலையும், அதையும் விவேகானந்தர் பாறையையும் இணைத்து 2024 டிசம்பர் 30-இல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலமும். இவற்றைச் சித்தப்பா இரண்டு நிறுத்தங்களாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு, எட்டப்பட்டவை ஏழு என்று திருத்துவார். திரும்பும் பயணத்துக்குத் திட்டம் கிடையாது. விடுமுறை தீர்ந்திருக்கும், கைப்பணமும் தீர்ந்திருக்கும். டிரைவர் பைபாஸ் பிடித்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் சென்னை சேர்ப்பார்.

இவ்வகையோடு பயணம் செய்பவர்கள் கையாளும் வழிகள் சில உண்டு. பட்டியலை மறுக்கக்கூடாது, மறுத்தால் இரண்டு நிறுத்தங்கள் கூடும். ஏப்ரலிலேயே டைரியை வாங்கி, நிறுத்தங்களை மூன்றாகக் குறைத்து, இடையிடையே கழிப்பறை உள்ள இடங்களைப் பெண்கள் கையெழுத்திலேயே எழுதிவைப்பது பலன் தந்திருக்கிறது. எழுதியிருந்தால் அவர் மதிப்பார். நிறுத்தங்களை விடியற்காலைக்கும் மாலை நான்கு மணிக்குப் பிறகும் நகர்த்தி, நண்பகலை வண்டிக்குள்ளோ ஓட்டலுக்குள்ளோ கழிப்பது பாதங்களுக்கு நல்லது.

எல்லாவற்றிலும் சிறந்த வழி, பயணத்தை டிசம்பருக்கு மாற்றுவது. அரையாண்டு விடுமுறையில் வேடந்தாங்கலில் பறவை இருக்கும். வழக்கம்போல் அணை திறந்த ஆண்டானால் ஜனவரி 28 வரை காவிரியில் தண்ணீர் வரும். கன்னியாகுமரியில் சூரியன் கடலிலேயே மறையும். மே மாதத்தில் முற்றிலும் தவறாக இருக்கும் டைரி, டிசம்பரில் ஏறக்குறைய முழுவதும் சரி. இதைச் சித்தப்பாவிடம் சொல்லியும் பயனில்லை. டிசம்பரில் இவ்வகையினர் எல்லோரும் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார்கள். அந்த வேனிலும் அவருக்கு இடம் முன்வரிசையில்தான். ஆனால் அங்கே குருசாமி சொன்ன இடத்தில் வண்டி நிற்கும், சொன்ன நேரத்தில் கிளம்பும். சித்தப்பா ஒரு வார்த்தை பேசுவதில்லை.